மேகத்தில் ஏற்றிவிட்டால் வெள்ளம் தொடாதா?

சென்னையில் கிண்டிக்கும் அசோக் நகருக்கும் நடுவே, அடையாற்றின் ஓரத்தில் அமைந்த பகுதி ஈக்காட்டுத்தாங்கல். பாசனத்துக்காக நீரைத் தேக்கி வைக்கும் சிற்றேரியைத் 'தாங்கல்' என்பது தொண்டை மண்டல வழக்கு. வேடந்தாங்கல் என்ற பெயரும் அவ்வாறு வந்ததே. நீர்நிலையின் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் இவ்வூரில் இப்போது நம் கண்ணில் படுபவை கடைசல் பட்டறைகள், சிறு பொறியியல் தொழிற்கூடங்கள், கணிப்பொறி நிறுவனங்களின் கண்ணாடிக் கட்டடங்கள், தலைக்கு மேலே ஓடும் மெட்ரோ ரயில் ஆகியவை. 1958-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட கிண்டித் தொழிற்பேட்டை இதை ஒட்டியே இருக்கிறது.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி பெய்த பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. அன்றிரவு செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரை மீறிற்று. மணப்பாக்கம், நந்தம்பாக்கம், ஈக்காட்டுத்தாங்கல், ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் என்று ஆற்றோரப் பகுதிகள் வரிசையாக நீரில் மூழ்கின. அந்தப் பருவமழையில் தமிழ்நாட்டில் 400-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அந்த இழப்புக்கு முன்னால் மற்ற இழப்புகள் யாவும் சிறியனவே. ஆயினும், வெள்ளம் வடிந்தபின் தொழிற்கூடத்துக்குத் திரும்பியவர்களை எதிர்நோக்கிய ஒரு கேள்வியை இங்கே ஆராய்வது பயனுடையது. சேற்றில் கிடந்த கணிப்பொறிக்குள் இருந்த கணக்குகள், வரைபடங்கள், சம்பளப் பட்டியல்கள், வரவேண்டிய பாக்கிகள் ஆகியவை என்ன ஆயின?

கடைசல் இயந்திரத்தைக் கழற்றி, துடைத்து, எண்ணெயிட்டு மீண்டும் ஓட்டிவிடலாம். சேறு புகுந்த வன்தட்டிலிருந்து தரவுகளை மீட்பது அப்படி எளிதன்று. யார் எவ்வளவு தரவேண்டும் என்ற கணக்கே அழிந்துவிட்டால், இயந்திரங்கள் யாவும் பிழைத்தாலும் ஒரு சிறுதொழில் எழுந்து நிற்க முடியாது.

இதற்கு மருந்தாக அண்மை ஆண்டுகளில் பரவலாகச் சொல்லப்படும் யோசனை ஒன்றுண்டு. "அலுவலகத்தில் உள்ள சர்வரை அப்படியே கிளவுடுக்கு மாற்றிவிடுங்கள், பாதுகாப்பு உண்டு, செலவு குறையும், எதையும் திருத்தி எழுத வேண்டியதில்லை" என்பதே அது. இந்த யோசனையில் உண்மை எவ்வளவு, மிகை எவ்வளவு என்று எடைபோடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

மெய்நிகர் கணிப்பொறி என்பது யாது?

முதலில் எதை மாற்றுகிறார்கள் என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். ஓர் அலுவலகத்தில் சக்தி வாய்ந்த சர்வர் ஒன்று இருப்பதாகக் கொள்வோம். அதன் செயலியையும் நினைவகத்தையும் வன்தட்டையும் ஒரு மென்பொருளின் துணையால் பங்கு பிரித்து, ஒரே இயந்திரத்துக்குள் பல கணிப்பொறிகள் தனித்தனியே இயங்குவது போலச் செய்யலாம். இவற்றையே மெய்நிகர் கணிப்பொறிகள் என்கிறோம். ஒன்று கணக்கு எழுதும். மற்றொன்று வரைபடங்களைக் காக்கும். இன்னொன்று வருகைப் பதிவைக் கவனிக்கும். ஒரே வீட்டில் தனித்தனிச் சமையலறையுடன் குடியிருக்கும் ஒண்டுக் குடித்தனங்களுக்கு இவற்றை ஒப்பிடலாம்.

இக்கருத்து புதியதன்று. ஐ.பி.எம். நிறுவனம் 1972-ஆம் ஆண்டிலேயே தன் பெரிய கணிப்பொறிகளுக்கு இத்தகைய அமைப்பை வெளியிட்டது. 1998-இல் தொடங்கப்பட்ட வி.எம்.வேர் நிறுவனம் அதைச் சாதாரணச் சர்வர்களுக்குக் கொண்டுவந்தது. மெய்நிகர் கணிப்பொறியின் சிறப்பு என்னவெனில், அதன் வட்டு முழுவதும் ஒரு பெரிய கோப்பாகவே சேமிக்கப்படுகிறது. கோப்பாக இருப்பதனால் அதைப் படியெடுக்கலாம். வேறோர் இயந்திரத்தில் வைத்து உயிர்ப்பிக்கலாம். வேறு ஊரில் உள்ள வாடகைக் கணிப்பொறிக்கும் அனுப்பலாம். மேகத்துக்கு மாற்றுவது என்பது இந்தக் கடைசிச் செயலே.

'மேகம்' என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கட்டடமோ மின்சாரமோ இல்லாமல் தரவுகள் வானத்தில் மிதப்பது போன்ற மயக்கத்தை இச்சொல் உண்டாக்குகிறது. உண்மையில் பொது மேகம் என்பது பிறர் கட்டிய பெரிய கட்டடங்களில், பிறருடைய இயந்திரங்களை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுப்பதே. மைக்ரோசாப்ட் நிறுவனம் இந்தியாவில் தன் மேகச் சேவையைத் தொடங்கியது 2015 செப்டம்பரில். அதற்கென அது அமைத்த மூன்று வட்டாரங்கள் புணே, மும்பை, சென்னை. பெருவெள்ளத்துக்கு இரண்டே மாதம் முன்பு மேகம் சென்னைக்கே வந்து இறங்கியிருந்தது! அமேசான் தன் மும்பை வட்டாரத்தை 2016 ஜூனில் தொடங்கியது. ஆக, மேகத்துக்கும் ஊர் உண்டு; அந்த ஊருக்கும் மழை உண்டு.

முதல் வாதம்: பாதுகாப்பு

"தரவுகள் பத்திரமாக இருக்கும்" என்ற வாதத்தில் பெரும்பகுதி உண்மை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சிறு தொழிற்கூடத்தில் சர்வர் இருப்பது பெரும்பாலும் மேசைக்கு அடியில் அல்லது மாடிப்படிக்குக் கீழே. கனமான யு.பி.எஸ். மின்கலங்களையும் ஜெனரேட்டரையும் தரைத்தளத்தில் வைப்பதே நம் வழக்கம். தரவு மையங்களிலோ இரட்டை மின்வழி, உயரமான தளம், தீத்தடுப்பு, இரவும் பகலும் காவல் ஆகியவை உண்டு. தனி ஒரு பட்டறையால் இவற்றைச் செய்துகொள்ள இயலாது.

ஆனால், ஒரு கட்டடத்திலிருந்து மற்றொரு கட்டடத்துக்கு மாற்றிவிட்டு நின்றுவிட்டால், பழைய ஆபத்தின் அளவு குறைகிறதே தவிர, அதன் தன்மை மாறுவதில்லை. இதற்கு மூன்று சான்றுகள் போதும்.

பிரான்ஸ் நாட்டின் ஸ்ட்ராஸ்பூர்க் நகரில் ஓ.வி.எச். என்ற மேக நிறுவனத்தின் ஐந்து மாடித் தரவு மையம் 2021 மார்ச் 10-ஆம் தேதி தீக்கிரையாயிற்று. காப்புப் படி எடுத்து வைத்திருந்தும் சில வாடிக்கையாளர்கள் தரவுகளை இழந்தனர். காரணம், படியும் மூலமும் ஒரே இடத்தில் இருந்தன.

2024 மே மாதம் ஆஸ்திரேலியாவில், ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கணிப்பொறி அமைப்பு கூகுள் மேகத்திலிருந்து அழிக்கப்பட்டுவிட்டது. நெருப்பும் இல்லை, நீரும் இல்லை. அமைப்பை ஏற்படுத்தியபோது ஒரு விவரம் நிரப்பப்படாமல் விடப்பட்டதே காரணம். இரண்டு ஊர்களில் வைத்திருந்தும் இரண்டும் சேர்ந்தே போயின. வேறொரு நிறுவனத்திடமும் காப்புப் படி வைத்திருந்தது மீட்புக்குப் பெரிதும் உதவிற்று. அப்படியும் சேவை முழுமையாகத் திரும்ப ஒரு வாரத்துக்கு மேல் ஆயிற்று.

மூன்றாவது, தென் கொரியாவின் தேஜான் நகரில் 2025 செப்டம்பர் 26-ஆம் தேதி அரசின் தரவு மையத்தில் மின்கலங்களிலிருந்து எழுந்த தீ. 709 அரசு அமைப்புகள் நின்றன. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளைச் சேமித்து வந்த மேகச் சேமிப்பகத்தில் 858 டெராபைட் தரவு அழிந்தது. அளவு மிகப் பெரிது என்று சொல்லி, அதற்கு வெளியே காப்புப் படியே வைக்காமல் இருந்திருக்கிறார்கள்.

மேகத்தில் இயல்பாகவே பல படிகள் எடுக்கப்படுகின்றனவே என்று சிலர் கேட்கலாம். எடுக்கப்படுவது உண்மை. ஆனால், மலிவான சேமிப்பு வகைகளில் மூன்று படிகளும் ஒரே தரவு மையத்துக்குள் இருக்கலாம். ஒரு வட்டு பழுதானால் அவை காக்கும். கட்டடமே பழுதானால் காக்கமாட்டா. தொலைவில் உள்ள வேறோர் ஊரிலும் படி வேண்டுமென்றால் அதைக் கேட்டு, காசு கொடுத்துப் பெற வேண்டும். 'அப்படியே மாற்றிவிடுங்கள்' என்பவர்கள் இதை உரக்கச் சொல்வதில்லை.

ஒப்பந்தத்தையும் படித்துப் பார்க்க வேண்டும். "99.9 விழுக்காடு நேரம் இயங்கும்" என்ற உறுதி கேட்பதற்கு இனிமையானது. ஆண்டுக்கு 8,760 மணி நேரம். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறத்தாழ 8 மணி 45 நிமிடம். அவ்வளவு நேரம் நின்றாலும் வாக்கு மீறியதாகாது. மீறினாலும் பெரும்பாலும் கிடைப்பது அடுத்த பில்லில் ஒரு தள்ளுபடிதான். கட்டடமும் இயந்திரமும் நிறுவனத்தின் பொறுப்பு. உள்ளிருக்கும் தரவு வாடிக்கையாளரின் பொறுப்பு என்பதே இத்தகைய ஒப்பந்தங்களின் சாரம்.

இரண்டாம் வாதம்: எதையும் மாற்ற வேண்டாம்

"இருந்தபடியே தூக்கி வைத்தால் போதும்" என்ற வாதம்தான் சிறுதொழில் செய்வோரை மிகவும் கவர்கிறது. மென்பொருளைத் திருத்த ஆள் தேடி அலைய வேண்டியதில்லை அல்லவா? ஆனால், இங்கே இயற்பியல் குறுக்கிடுகிறது.

கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. சென்னைக்கும் மும்பைக்கும் நேர்த்தொலைவு சுமார் 1,030 கிலோமீட்டர். எனவே ஒரு கேள்வி போய் விடை திரும்ப, எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும், 10 மில்லி வினாடிக்குக் குறையாது. கம்பித்தடம் வளைந்து செல்வதையும் வழியில் உள்ள கருவிகளையும் சேர்த்து 20 மில்லி வினாடி என்று வைத்துக்கொள்வோம். அலுவலகத்துக்குள்ளேயே சர்வர் இருந்தபோது இதற்கு அரை மில்லி வினாடி ஆயிற்று என்க.

இந்த வேறுபாடு அற்பமாகத் தோன்றும். ஆனால், பழைய கணக்கு மென்பொருள்கள் பல, திரையில் ஒரு பட்டியலைக் காட்டுவதற்குச் சர்வரிடம் நூற்றுக்கணக்கில் சிறுசிறு கேள்விகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும் வகையில் எழுதப்பட்டவை. ஆயிரம் கேள்விகள் என்றால் முன்பு அரை வினாடி. இப்போது 20 வினாடி. வாயிலில் லாரி காத்திருக்கும்போது பில் போடுபவருக்கு 20 வினாடி என்பது நீண்ட நேரம். இணைய இணைப்பின் அகலத்தைக் கூட்டினாலும் இந்தத் தாமதம் போகாது. சாலையை அகலப்படுத்துவதால் ஊர்களுக்கு இடையே உள்ள தொலைவு குறைவதில்லை அல்லவா? கேள்விகளின் எண்ணிக்கையைக் குறைக்கும்படி மென்பொருளைத் திருத்த வேண்டும்; அல்லது அதை இயக்கும் திரையையும் மேகத்துக்கு உள்ளேயே வைத்து, படத்தை மட்டும் இங்கே வரவழைக்க வேண்டும். எப்படியாயினும் 'எதையும் மாற்ற வேண்டாம்' என்ற வாக்குறுதி இங்கே அடிபட்டுப் போகிறது.

தரவை அனுப்புவதற்கும் கணக்கு உண்டு. 4 டெராபைட் அளவுள்ள வட்டுக் கோப்பை, வினாடிக்கு 100 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் அனுப்புவதாகக் கொள்வோம். ஒரு பைட்டுக்கு 8 பிட். 32 லட்சம் கோடி பிட்டுகளை வினாடிக்குப் பத்துக் கோடி வீதம் அனுப்ப 3,20,000 வினாடி, அதாவது 3 நாள் 17 மணி நேரம் ஆகும். அதுவும் இணைப்பு ஒரு கணமும் தளராமல் இருந்தால்! அந்த நாட்களில் பட்டறை சும்மா இருக்குமா? புதிய பில்கள் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கும். ஆகவே முதலில் முழுப் படியை அனுப்பி, பிறகு மாறிய பகுதிகளை மட்டும் அனுப்பி, கடைசியில் ஓர் இரவு வேலையை நிறுத்திவிட்டு இரண்டையும் சமன் செய்ய வேண்டும். மிகப் பெரிய தரவுகளைச் சாலை வழியே கொண்டு செல்ல 100 பெட்டாபைட் கொள்ளும் லாரி ஒன்றை அமேசான் நிறுவனம் 2016-இல் அறிமுகப்படுத்தியதும் இக்காரணத்தால்தான். அந்த லாரிச் சேவை 2024-இல் நிறுத்தப்பட்டது.

மூன்றாம் வாதம்: செலவு குறையும்

சொந்தச் சர்வரில் ஒரு மெய்நிகர் கணிப்பொறிக்கு 4 ஜிகாபைட் நினைவகம் போதுமென்றாலும், "இருக்கிறதே, இருக்கட்டும்" என்று 16 ஒதுக்கி வைப்பதுண்டு. அதனால் கூடுதல் செலவு எதுவும் இல்லை. அந்த அளவிலேயே மேகத்துக்கு மாற்றினால், பயன்படாத 12 ஜிகாபைட்டுக்கும் மணிக்கு மணி வாடகை ஓடும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்றார்கள்; மேகத்தில் போடுவதானாலும் அளந்துதான் போட வேண்டும்.

நேரத்துக்கும் இதே விதி. மாதத்துக்குச் சுமார் 730 மணி. நாளுக்கு 10 மணி வீதம் 26 நாள் மட்டும் வேலை செய்யும் பட்டறைக்குத் தேவை 260 மணி. மற்ற நேரங்களில் நிறுத்தி வைத்தால் இயந்திர வாடகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகும். ஆனால் வட்டுக்கான வாடகை நிறுத்தி வைத்தாலும் உண்டு. தரவை வெளியே எடுப்பதற்கும் பொதுவாகத் தனிக் கட்டணம் உண்டு. அளந்து, குறைத்து, நிறுத்தி வைக்கத் தெரிந்தவருக்கு மேகம் சிக்கனம். இருந்தபடியே தூக்கி வைப்பவருக்கு அது வளரும் கடன். அமெரிக்காவின் 37சிக்னல்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் 2022-இல் மேகத்துக்கு 32 லட்சம் டாலர் செலவிட்ட பின், சொந்தச் சர்வர்களுக்கே திரும்பிவிட்டது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். சொந்தச் சர்வர் வைத்திருப்பதும் இப்போது நிலையான செலவாக இல்லை. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் வி.எம்.வேரை வாங்கியபின், ஒருமுறை பணம் கட்டி என்றும் பயன்படுத்தும் உரிமங்களின் விற்பனையை நிறுத்திச் சந்தா முறைக்கு மாறிற்று. இருந்த இடத்திலேயே இருப்போரையும் வாடகை தேடி வருகிறது. ஆகவே செலவைக் கொண்டு மட்டும் இதற்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

எது மாறவேண்டும்?

இதுவரை கண்டவற்றால் மேகம் வேண்டாம் என்ற முடிவுக்கு வருவது தவறாகும். 2015-இல் அடையாற்றங்கரைப் பட்டறை ஒன்றின் கணக்குகள் அன்றன்று இரவு மும்பைக்கோ புணேக்கோ படியெடுக்கப்பட்டிருந்தால், வெள்ளம் இயந்திரங்களைக் கெடுத்திருக்கும், கணக்குகளைத் தொட்டிருக்காது. தொலைவில் ஒரு படியை வைப்பதற்கு மேகத்தைப் போல எளிய வழி சிறுதொழில்களுக்கு முன்பு இருந்ததில்லை. சட்டமும் இதை வற்புறுத்துகிறது. 2022 ஆகஸ்டில் திருத்தப்பட்ட விதிகளின்படி, கணக்குகளை மின்னணு முறையில் வைத்திருக்கும் கம்பெனிகள், இந்தியாவில் உள்ள சர்வரில் நாள்தோறும் காப்புப் படி எடுத்து வைக்க வேண்டும்.

இயந்திரத்தின் இடம் மாறுவதோடு வேலை முடிந்தது என்று கருதுவதே குறை. நம்மிடம் ஒன்று, மேகத்தில் ஒன்று, அவ்விரண்டுக்கும் தொடர்பில்லாத வேறோர் இடத்தில் ஒன்று என மூன்று படிகள் வேண்டும். யூனிசூப்பரைக் காப்பதில் பங்கு கொண்டது இந்த மூன்றாவது படியே. அடுத்து, மீட்டுப் பார்க்கும் பழக்கம் வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது ஒரு விடுமுறை நாளில், சர்வர் இல்லை என்று வைத்துக்கொண்டு, படியிலிருந்து கணக்கைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும். மீட்டுப் பார்க்காத படியை நம்புவது, காற்று இருக்கிறதா என்று ஒருநாளும் பார்க்காத ஸ்டெப்னி டயரை நம்பிப் பயணம் போவதற்கு ஒப்பாகும். சென்னைக்கு வடகிழக்குப் பருவமழை வருவது அக்டோபரில். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இந்த ஒத்திகைக்குப் பொருத்தமான நாள்.

மேகம் தீர்க்காத இடர் இன்னும் ஒன்று இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நகரின் பல பகுதிகளில் மின்சாரமும் கைப்பேசித் தொடர்பும் நாட்கணக்கில் இல்லை. தரவுகள் மும்பையில் பத்திரமாக இருந்திருக்கலாம். அவற்றைத் தொடும் வழி இங்கே அறுந்திருந்தது. எனவே அந்தச் சில நாட்களுக்கு வேண்டிய தொழிலாளர் விவரம், சம்பளப் பட்டியல், பாக்கிப் பட்டியல் ஆகியவற்றை அச்சிட்டு, மேல்மாடியில் ஒரு பெட்டியில் வைப்பது இந்தக் காலத்திலும் பழமையான யோசனை ஆகாது.

விற்பனைக்கு வருபவரிடம் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். என் தரவின் படிகள் எந்தெந்த ஊரில் இருக்கும்? என் மென்பொருள் ஒரு திரைக்கு எத்தனை முறை சர்வரைக் கேட்கிறது என்று அளந்து பார்த்தீர்களா? எல்லாம் போய்விட்டால் எத்தனை மணி நேரத்தில் மீட்டுத் தருவீர்கள், அதை இன்றே செய்து காட்டுவீர்களா? மூன்றுக்கும் நேரான விடை கிடைத்தால் தயங்காமல் மாறலாம். கிடைக்காவிட்டால், தரைத்தளத்தில் உள்ள சர்வரை முதல் மாடிக்கு ஏற்றி, வெளியூரில் ஒரு படியை வைத்துவிட்டுப் பொறுத்திருப்பதே மேல். அடுத்த பருவமழைக்கு முன் இவற்றுள் ஒன்றையேனும் செய்து முடிக்க வேண்டும்.